மேலே ஊற்று, கீழே சாக்கடை: நீலகிரி நகரங்களின் தண்ணீர்க் கணக்கு

2019 ஆகஸ்ட் 8ஆம் தேதி நீலகிரியின் அவலாஞ்சியில் ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் மழை கொட்டியது. சென்னைக்கு ஒரு வருடம் முழுக்கக் கிடைக்கும் மழையில் பாதிக்கும் மேல் அது. அவலாஞ்சிக்கும் ஊட்டிக்கும் பெரிய தூரம் கிடையாது. இருந்தும் மார்ச் பிறந்துவிட்டால் ஊட்டி, குன்னூர், கோத்தகிரியின் பல தெருக்களில் குழாயடியில் குடங்கள் வரிசை கட்டி நிற்கும். அடுத்த முறை என்றைக்குத் தண்ணீர் விடுவார்கள் என்பதைப் பொறுத்துத்தான் அந்த வாரம் துணி துவைப்பதா, ஊரிலிருந்து உறவுக்காரர்களை வரச் சொல்வதா என்று வீட்டில் முடிவெடுப்பார்கள்.

காரணம் கேட்டால் இரண்டு பதில்கள் உடனே வரும். மழை குறைந்துவிட்டது, ஜனத்தொகை கூடிவிட்டது. முதல் பதில் மழை பெய்யும் இடத்தைப் பார்க்காமல் சொல்வது. இரண்டாவது பதிலுக்கு மக்கள்தொகைக் கணக்கெடுப்பே மறுப்பு சொல்கிறது. 2001இல் நீலகிரி மாவட்டத்தின் மக்கள்தொகை 7,62,141. 2011இல் அது 7,35,394 ஆகக் குறைந்திருந்தது. பிழைப்பு தேடிக் கோவைக்கும் திருப்பூருக்கும் இறங்கிப் போனவர்கள் அவ்வளவு பேர். நிரந்தரமாகக் குடியிருப்பவர்கள் குறைந்த ஒரு மாவட்டத்தில் கட்டடங்களும் கழிவும் தண்ணீர்த் தட்டுப்பாடும் ஏறிக்கொண்டே போகின்றன என்றால், கணக்கில் எதையோ விட்டுவிட்டோம் என்று அர்த்தம்.

விட்டது இரண்டு விஷயங்கள் என்பது என் கருத்து. ஒன்று, வந்து போகிறவர்கள். இன்னொன்று, சரிவு. குடிநீருக்கு ஒரு திட்டம், பாதாளச் சாக்கடைக்கு ஒரு திட்டம், குப்பைக்கு ஒரு டெண்டர் என்று அலுவலகத்தில் மூன்று கோப்புகளாகப் பிரித்து வைத்திருக்கிறோம். மலையில் இந்த மூன்றும் ஒரே சரிவில் மேலும் கீழுமாக இருக்கின்றன. மேல் தெருவின் செப்டிக் டேங்கிலிருந்து கசிவது கீழ்த் தெருவின் ஊற்றில் சேரும். கீழ்த் தெரு ஓடையில் கொட்டும் குப்பை அதற்கும் கீழே இருக்கிற ஊரின் அணைக்குப் போகும். சமவெளி நகரத்துக்குப் போட்ட திட்டத்தை அப்படியே எடுத்து மலைமேல் வைத்தால் சரிவராததற்குக் காரணம் இதுதான்.

மழை ஒரு பக்கம், ஊர் ஒரு பக்கம்

தென்மேற்குப் பருவமழை நீலகிரியின் மேற்கு விளிம்பில்தான் முதலில் மோதும். மேல்பவானி, அவலாஞ்சி, தேவாலா, கூடலூர் எல்லாம் நனைந்து ஊறிவிடும். மேகம் அந்த விளிம்பைத் தாண்டி ஊட்டிக்கு வருவதற்குள் பாதிச் சுமையை இறக்கிவிட்டிருக்கும். ஊட்டிக்கு ஆண்டுக்குக் கிடைப்பது ஏறத்தாழ 1,200 மில்லிமீட்டர். குன்னூரும் கோத்தகிரியும் கிழக்குச் சரிவில் இருப்பதால் அவற்றுக்கு அக்டோபர் முதல் டிசம்பர் வரை வரும் வடகிழக்குப் பருவமழைதான் முக்கியம். அந்த மழை ஏமாற்றினால் அடுத்த ஜூன் வரை கஷ்டம்தான்.

மேற்குப் பக்கம் விழும் மழையைத் தேக்கி வைக்க அணைகள் இல்லாமல் இல்லை. முக்கூர்த்தி, பைக்காரா, எமரால்டு, அவலாஞ்சி, மேல்பவானி, போர்த்திமந்து என்று வரிசையாக இருக்கின்றன. ஆனால் அவை மின்சாரத்துக்காகக் கட்டியவை. பைக்காராவில் 1932இலேயே மின் உற்பத்தி தொடங்கிவிட்டது. குந்தா திட்டம் 1950களின் பிற்பாதியில் கனடாவின் உதவியோடு வந்தது. அந்தத் தண்ணீர் சுரங்கங்கள் வழியாக மின்நிலையங்களில் இறங்கி, பவானியில் சேர்ந்து, கோவைக்கும் ஈரோட்டுக்கும் போகிறது. ஊர்களுக்கென்று இருப்பவை சின்னச் சின்ன நீர்த்தேக்கங்கள். ஊட்டிக்கு மார்லிமந்து, டைகர்ஹில், தொட்டபெட்டா, கோடப்பமந்து, கோரிசோலை. குன்னூருக்கு ரேலியா அணை. கோத்தகிரிக்கு ஈளாடா தடுப்பணை. இவற்றில் பல வெள்ளைக்காரர் காலத்தில், அன்றைய சிறிய ஊரை மனத்தில் வைத்துக் கட்டியவை.

ஊர் பெருத்ததும் பார்சன்ஸ்வேலியிலிருந்து ஊட்டிக்குத் தண்ணீரை மோட்டார் வைத்து ஏற்றினோம். குன்னூருக்கு எமரால்டு அணையிலிருந்து கொண்டுவரத் திட்டம் போட்டோம். தண்ணீர் வருகிறது, மறுக்கவில்லை. ஆனால் தூரத்திலிருந்து மேட்டில் ஏற்றி வரும் தண்ணீர் மின்சாரத்தை நம்பியிருக்கிறது. காற்றும் மழையும் அடித்து மரம் விழுந்து மின்கம்பி அறுந்தால், அணை நிரம்பி வழிகிற அதே ஜூலை மாதத்தில் ஊட்டியில் குழாய் வற்றிப்போகும்.

சோலையும் புல்வெளியும் செய்த வேலை

பழைய நீர்த்தேக்கங்கள் ஏன் இப்போது போதவில்லை என்பதற்கு ஊர் பெருத்தது பாதிக் காரணம் என்றால், மேலே இருந்த நிலம் மாறிப்போனது மீதிக் காரணம்.

நீலகிரியின் மேல்மட்டம் இயற்கையில் முழுக்காடு கிடையாது. மடிப்புகளில் சோலை, மற்ற இடமெல்லாம் புல்வெளி, தாழ்வான இடங்களில் சதுப்பு. இந்த மூன்றும் சேர்ந்துதான் மழையைப் பிடித்து வைத்தன. புல்லின் அடியில் இருக்கும் கருமண்ணில் மக்கிய பொருள் அதிகம். மழை அதில் மெதுவாக இறங்கி, சதுப்பில் தங்கி, ஜனவரி முதல் மே வரை ஓடையாகக் கசிந்துகொண்டே இருக்கும். தோடர்களின் ஊர்களான மந்துகளும் படுகர்களின் ஊர்களான ஹட்டிகளும் எங்கே அமைந்திருக்கின்றன என்று பார்த்தால், அருகில் ஓர் ஊற்றோ ஓடையோ இருக்கும்.

விறகுக்கும், தோல் பதனிடும் பட்டைக்கும், பிற்பாடு சிறுமுகை விஸ்கோஸ் (செயற்கை இழை) ஆலையின் கூழுக்கும் என்று புல்வெளிகளில் கற்பூர மரத்தையும் (யூகலிப்டஸ்) சீகையையும் (வாட்டில் மரம்) நட்டார்கள். புல்வெளியைத் தரிசு என்று நினைத்த காலம் அது. அதன் விலை என்ன என்பதை ஊட்டியில் இருக்கும் மத்திய மண், நீர்வளப் பாதுகாப்பு ஆராய்ச்சி நிலையம் கிளென்மார்கன் பகுதியில் அளந்து பார்த்தது. அடுத்தடுத்து இருக்கும் இரண்டு சிறிய நீர்ப்பிடிப்புகளில் ஒன்றைப் புல்வெளியாகவே விட்டு, மற்றதில் கற்பூர மரம் நட்டு, ஆண்டுக்கணக்கில் ஓடையின் நீரை அளந்தார்கள். மரம் முதல்முறை வளர்ந்த பத்தாண்டுகளில் ஓடைநீர் சுமார் 16 சதவீதம் குறைந்தது. வெட்டிய பிறகு அடிமரத்திலிருந்து மறுபடி துளிர்த்து வளர்ந்த அடுத்த சுற்றில் குறைவு 25 சதவீதத்தைத் தாண்டியது. வேர் ஏற்கெனவே ஆழத்துக்குப் போய்விட்டதால் இரண்டாவது சுற்றில் அது இன்னும் அதிகமாக இழுத்தது.

குடிநீர்த் திட்டம் பற்றிய எந்தப் பேச்சிலும் இந்த எண் வந்து நான் கேட்டதில்லை. ஓர் ஊரின் அணைக்கு வரும் தண்ணீரில் நாலில் ஒரு பங்கு என்பது சாதாரண விஷயமா? பல கோடி ரூபாய்க்குப் புதிதாகக் குழாய் பதித்துக் கொண்டுவருவதில் ஒரு பகுதியையாவது, நகராட்சியின் சொந்த நீர்ப்பிடிப்பில் இருக்கும் சீகையை எடுத்துப் புல்லை மீட்டாலே பெற முடியும். தமிழ்நாடு அரசு 2022இல் அந்நியக் களைத் தாவரங்களை அகற்றி இயற்கை வாழிடங்களை மீட்பதற்கென்றே ஒரு கொள்கையைக் கொண்டுவந்தது. வேலையும் நடக்கிறது. குடிநீர் நீர்த்தேக்கங்களுக்கு மேலே இருக்கும் சரிவுகளை அந்தப் பட்டியலில் முதலில் வைக்க வேண்டும் என்பதே என் வாதம். ஒரே வீச்சில் மொட்டையடித்துவிடவும் கூடாது. செங்குத்துச் சரிவில் மரத்தை எடுத்துவிட்டுப் புல் பிடிப்பதற்குள் மழை வந்தால் மண் முழுவதும் அணைக்குள் இறங்கிவிடும். துண்டு துண்டாக எடுத்து, புல் நட்டு, மறுபடி முளைக்கும் சீகைக் கன்றைப் பல வருடம் பிடுங்கிக்கொண்டே இருக்க வேண்டும். திறப்பு விழா நடத்த முடியாத வேலை. அதனால்தானோ என்னவோ தள்ளிப்போகிறது.

சதுப்புகளின் கதை இன்னும் மோசம். கேரட், பீட்ரூட், உருளைக்கிழங்குக்கு ஏற்ற ஈரம் அங்கேதான் இருக்கிறது. வடிகால் வெட்டிக் காயவைத்துத் தோட்டமாக்கிய சதுப்புகள் எத்தனையோ. அதைத் தாண்டி இப்போது நிரப்பிக் கட்டடமும் எழுப்புகிறார்கள். கோத்தகிரியிலிருந்து இயங்கும் கீஸ்டோன் அறக்கட்டளை பல ஆண்டுகளாக ஊற்றுகளையும் சதுப்புகளையும் கணக்கெடுத்து, ஊர் மக்களோடு சேர்ந்து மீட்டுவருகிறது. ஒரு ஹட்டிக்கு மேலே இருக்கும் சதுப்பை வேலி போட்டுக் காப்பாற்றினால் அந்த ஹட்டிக்கு லாரித் தண்ணீர் தேவைப்படாது. இதைவிட மலிவான குடிநீர்த் திட்டம் இருப்பதாகத் தெரியவில்லை.

குழாய்க்குள் நடப்பது

சரி, அணையிலிருந்து தண்ணீர் புறப்பட்டுவிட்டது என்று வைத்துக்கொள்வோம். வீட்டுக்கு வரும் வழியில் இன்னொரு சிக்கல் இருக்கிறது.

பத்து மீட்டர் உயரத் தண்ணீர் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஒரு கிலோ அழுத்தம் தரும். ஒரே வார்டில் மேல் வீட்டுக்கும் கீழ் வீட்டுக்கும் நூறு மீட்டர் உயர வித்தியாசம் இருப்பது மலையில் சாதாரணம். அப்போது கீழ்க்குழாயில் பத்து கிலோ அழுத்தம் விழும். பழைய வார்ப்பிரும்புக் குழாய் துருப்பிடித்திருந்தால் அங்கேதான் உடையும். அழுத்தம் கூடக்கூட ஓட்டையில் ஒழுகுவதும் கூடும். மேல் வீட்டுக்காரருக்கோ வால்வு திறந்து அரை மணி நேரம் கழித்துத்தான் நூல் மாதிரி வரும். இடையிடையே தொட்டிகள் வைத்து அழுத்தத்தை உடைக்க வேண்டும், உயரத்துக்கு ஏற்ப ஊரை மண்டலங்களாகப் பிரித்து விநியோகிக்க வேண்டும். அப்படிப் பிரிக்காமல் ஒரே குழாயிலிருந்து ஆளுக்கொரு கிளை இழுத்துக்கொண்டதால்தான் ஒரு தெருவில் தண்ணீர் சாலையில் ஓடுகிறது, அடுத்த தெருவில் குடம் காலியாக நிற்கிறது.

எனக்கு அதிகக் கவலை தருவது வேறொன்று. நாலைந்து நாளைக்கு ஒருமுறை தண்ணீர் விடும் ஊரில் மற்ற நாட்களில் குழாய் காலியாக இருக்கும். வால்வை மூடியதும் குழாய்க்குள் இருக்கும் கடைசித் தண்ணீர் சரிவில் கீழே இறங்கும்போது மேல்பகுதியில் உறிஞ்சும் விசை உண்டாகும். குழாயில் எங்கே விரிசல் இருக்கிறதோ அங்கே வெளியில் இருப்பதை உள்ளே இழுக்கும். மலையில் தெரு குறுகல். ஒரே ஓரத்தில் குடிநீர்க் குழாயும் சாக்கடையும் ஒன்றையொன்று உரசிக்கொண்டு போகின்றன. பல இடங்களில் குழாயே சாக்கடைக்குள்ளேதான் கிடக்கிறது. அப்புறம் மறுமுறை தண்ணீர் விடும்போது முதல் சில குடங்கள் கலங்கி, நாற்றத்தோடு வந்தால் அதில் ஆச்சரியம் என்ன? ஆகவே சாக்கடையை மூடிச் சரிசெய்வது குடிநீருக்கான செலவுதான். அதைத் தனித் துறையின் வேலை என்று ஒதுக்கிவைத்தால் குளோரின் மட்டும் போட்டுச் சமாளிக்க முடியாது.

வந்து போகிறவர்கள்

2024இல் சென்னை உயர் நீதிமன்றம் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் கட்டாயம் என்று உத்தரவிட்டபோது, சீசனில் நீலகிரிக்குள் நாளொன்றுக்குச் சுமார் 20,000 வண்டிகள் நுழைகின்றன என்ற கணக்கு நீதிமன்றத்தின் முன் இருந்தது. அவற்றில் பஸ்ஸும் உண்டு, பைக்கும் உண்டு. வண்டிக்கு மூன்று பேர் என்று குறைத்து வைத்தாலும் 60,000 பேர். ஊட்டி நகராட்சியின் மொத்த மக்கள்தொகையே 2011 கணக்கெடுப்பில் 88,430தான். நகரத்துக்கான குடிநீர் அளவு ஆளுக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என்பது மத்திய அரசின் பொதுவான நெறி. அதன்படி உள்ளூர்க்காரர்களுக்கே நாளுக்கு ஏறக்குறைய 1 கோடியே 19 லட்சம் லிட்டர் வேண்டும். ஷவரும் வெந்நீர்த் தொட்டியும் வைத்த அறையில் தங்குபவர் 135 லிட்டரோடு நிறுத்திக்கொள்ள மாட்டார். தண்ணீர் மிகக் குறைவாக இருக்கும் ஏப்ரல், மே மாதங்களில்தான் அவர்கள் மிக அதிகமாக வருகிறார்கள். இந்தப் பொருத்தம்தான் மலை நகரங்களின் மையச் சிக்கல்.

2024 மே 7 முதல் இ-பாஸ் வந்தது. 2025 ஏப்ரலில் எண்ணிக்கைக்கும் வரம்பு வைத்தார்கள்: கோடை சீசனில் நீலகிரிக்கு வார நாட்களில் 6,000 வண்டிகள், வார இறுதியில் 8,000, கொடைக்கானலுக்கு 4,000, 6,000. வியாபாரிகளும் டாக்ஸிக்காரர்களும் எதிர்த்தார்கள். அவர்களுடைய கோபத்தை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. வருடத்தின் வருமானத்தில் பெரும் பங்கை அந்த இரண்டு மாதத்தில் சம்பாதித்தாக வேண்டியவர்கள் அவர்கள். ஆனால் இ-பாஸ் என்றால் வண்டியைத் தடுக்கும் கருவி என்று மட்டும் பார்க்கிறோம். எத்தனை பேர், எத்தனை நாள், எந்த ஊரில் தங்கப் போகிறார்கள் என்ற தகவல் முதல்முறையாக முன்கூட்டியே அரசின் கையில் இருக்கிறது. அடுத்த வாரம் எந்த நீர்த்தேக்கத்திலிருந்து எவ்வளவு எடுக்கலாம், எந்தப் பகுதிக்குக் கூடுதலாகக் குப்பை வண்டி அனுப்பலாம் என்று திட்டமிட இதைப் பயன்படுத்தலாமே.

தங்கும் விடுதிகளிடம் கேட்க வேண்டியதும் இருக்கிறது. லாரித் தண்ணீர் எங்கிருந்து வருகிறது? ஏதோ ஒரு ஓடையிலிருந்து, ஏதோ ஒரு ஊற்றிலிருந்து. அந்த ஊற்றை நம்பி ஒரு ஹட்டியோ, எஸ்டேட் லைன் வீடுகளோ, தாயகம் திரும்பிய தமிழர்களின் குடியிருப்போ கீழே இருக்கும். 1964 சிரிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து வந்து தேயிலைத் தோட்டங்களில் குடியேறிய குடும்பங்கள் கூடலூர், கோத்தகிரிப் பக்கம் ஏராளம். செங்குத்துச் சரிவில், குழாய் கடைசியாகப் போய்ச் சேரும் இடத்தில்தான் அவர்களில் பலருக்கு வீடு அமைந்தது. காசு கொடுத்தால் லாரி வரும் என்ற ஏற்பாட்டில் தோற்பது எப்போதும் இவர்கள்தான். ஒவ்வொரு விடுதிக்கும் மீட்டர் வைக்க வேண்டும், லாரி எங்கே நிரப்பியது என்று பதிய வேண்டும், குளித்த தண்ணீரைச் சுத்திகரித்துக் கழிப்பறைக்குப் பயன்படுத்த வேண்டும். பெரிய விடுதிகளுக்கு இது கட்டுப்படியாகாத செலவு இல்லை.

கூரைத் தண்ணீரும் இருக்கிறது. ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர். நூறு சதுர மீட்டர் கூரையில் ஊட்டியின் மழை ஆண்டுக்கு ஏறத்தாழ 1,20,000 லிட்டர் தரும். ஆனால் சமவெளியில் செய்வதுபோல எல்லா இடத்திலும் குழி தோண்டி மண்ணுக்குள் இறக்கக் கூடாது. வெட்டி எடுத்த சரிவுக்கு மேலே தண்ணீரை ஊறவிட்டால் மண் கனத்துச் சரியும். 2009 நவம்பர் மழையில் நீலகிரியில் நிலச்சரிவுகளில் 40க்கும் மேற்பட்டவர்கள் இறந்ததை மலையில் யாரும் மறக்கவில்லை. மலையில் மழைநீரைத் தொட்டியில் பிடிப்பதுதான் பத்திரம்.

ஏரி வாங்கிக்கொள்வது

உபயோகித்த குடிநீரில் சுமார் 80 சதவீதம் கழிவுநீராகத் திரும்பும் என்பது பொறியாளர்களின் வழக்கமான கணக்கு. 1 கோடியே 19 லட்சம் லிட்டர் கொடுத்தால் 95 லட்சம் லிட்டர் சாக்கடைக்கு வரும். ஊட்டியில் காந்தல் பக்கம் இருக்கும் சுத்திகரிப்பு நிலையம் நாளுக்கு 50 லட்சம் லிட்டர் கொள்ளளவில் கட்டியது. கொள்ளளவைக் கூட்டுவது ஒரு வேலை என்றால், வீடுகளை அதோடு இணைப்பது அதைவிடப் பெரிய வேலை. இணைப்பில்லாத கட்டடங்களின் கழிவு கோடப்பமந்து கால்வாய்க்குப் போகிறது. அந்தக் கால்வாய் சேரிங்கிராஸ், பேருந்து நிலையம் வழியாக வந்து ஏரியில் விழுகிறது.

ஊட்டி ஏரி 1820களில் ஜான் சல்லிவன் காலத்தில் ஓடையைத் தடுத்து உண்டாக்கியது. இன்றைக்கு இருப்பதைவிடப் பெரிதாக இருந்தது. குதிரைப் பந்தய மைதானமும் பேருந்து நிலையமும் ஏரியாக இருந்த இடத்தில்தான் இருக்கின்றன. ஊரே ஒரு கிண்ணம் மாதிரி, ஏரி அதன் அடி. சுற்றிலும் எந்தச் சரிவில் எதை விட்டாலும் கடைசியில் அங்கே வந்துவிடும். ஏரி வழிந்தால் காமராஜ் சாகர் அணை. அங்கிருந்து மாயாறு. மாயாறு முதுமலையை ஒட்டி ஓடி, பவானிசாகர் அணையில் சேருகிறது. குன்னூர் ஆறோ கிழக்குச் சரிவில் இறங்கி, மேட்டுப்பாளையம் பக்கம் பவானியில் கலக்கிறது. ஆக, ஊட்டியும் குன்னூரும் இரண்டு பக்கமும் விடும் கழிவு கடைசியில் ஒரே ஆற்றுக்குத்தான் வருகிறது. அதைத்தான் கீழே பல லட்சம் பேர் குடிக்கிறார்கள்.

எல்லா வீட்டையும் பாதாளச் சாக்கடையில் இணைப்பது மலையில் நடக்காத காரியம் என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். ஒரு வீடு ரோட்டுக்கு மேலே, இன்னொன்று இருபது படி கீழே. அங்கெல்லாம் செப்டிக் டேங்க்தான் வழி. அதை ஒழுங்காகக் கட்டி, மூன்று வருடத்துக்கு ஒருமுறையாவது லாரி வைத்துக் கசடை எடுத்து, எடுத்ததைச் சுத்திகரிக்க ஓர் இடம் இருந்தால் போதும். கேத்தி, அதிகரட்டி பேரூராட்சிகளில் மலக்கசடைச் சுத்திகரிக்கும் சிறிய நிலையங்கள் இருக்கின்றன. காயவைத்து, மக்கிய குப்பையோடு சேர்த்து உரமாக்குகிறார்கள். சின்னப் பேரூராட்சிகள் செய்ததைப் பெரிய நகராட்சிகள் ஏன் ஒவ்வொரு பகுதியிலும் செய்யவில்லை என்று கேட்க எல்லோருக்கும் உரிமை இருக்கிறது. இல்லாவிட்டால் லாரிக்காரர் இரவில் எந்த வளைவில் திறந்துவிடுவார் என்று சொல்ல வேண்டியதில்லை.

குளிரில் மக்காத குப்பை

குப்பை விஷயத்தில் நீலகிரி முன்னோடி என்று தயங்காமல் சொல்லலாம். சுப்ரியா சாஹு ஆட்சியராக இருந்தபோது, 2000ஐ ஒட்டிய ஆண்டுகளில் இங்கே பிளாஸ்டிக் தடை வந்தது. தமிழ்நாடு முழுக்க அது வர 2019 ஜனவரி வரை ஆனது. டாஸ்மாக் காலி பாட்டிலுக்கு 10 ரூபாய் கூடுதலாக வாங்கி, திருப்பிக் கொடுத்தால் தந்துவிடும் திட்டம் 2022 மே மாதம் இங்கேதான் தொடங்கியது. யானை, காட்டுமாடு காலில் கிழித்த கண்ணாடிச் சில்லு அதற்குப் பிறகு காட்டோரத்தில் கண்கூடாகக் குறைந்தது. பத்து ரூபாய் செய்த வேலையை எத்தனை அறிவிப்புப் பலகைகளும் செய்யவில்லை.

ஆனால் அன்றாடக் குப்பை இன்னும் தீரவில்லை. ஊட்டிக்குத் தீட்டுக்கல், குன்னூருக்கு ஓட்டுப்பட்டறை, கொடைக்கானலுக்குப் பிரகாசபுரம் என்று கொட்டும் இடங்கள் எல்லாம் சரிவுகளில்தான். சமதரை கிடைக்காத ஊரில் வேறு எங்கே கிடைக்கும்? கிடங்கில் விழும் மழை குப்பைக்குள் இறங்கிக் கறுப்புச் சாறாகக் கீழே வழியும். குளிர் இன்னொரு தடை. மக்கவைக்கும் நுண்ணுயிர்களுக்குச் சூடு வேண்டும். சமவெளியில் ஒன்றரை, இரண்டு மாதத்தில் உரமாகும் காய்கறிக் கழிவு, ஊட்டியின் டிசம்பர் உறைபனியில் அப்படியே கிடக்கும். கூரை போட்ட கொட்டகை, அடிக்கடி புரட்டிவிடும் ஆள், சாணக் கரைசல், கூடுதல் இடம் எல்லாம் வேண்டும். நனைந்த கலப்புக் குப்பை வந்து சேர்ந்தால் இதில் எதுவும் நடக்காது. பிரித்துக் கொடுப்பது மலையில் சுகாதாரப் பழக்கம் மட்டும் அல்ல, தொழில்நுட்பத் தேவை. ஓட்டுப்பட்டறையில் கிளீன் குன்னூர் அமைப்பும் நகராட்சியும் சேர்ந்து பிரிப்பு மையம் நடத்துவதைப் பார்த்தால், பிரித்து வந்த குப்பைக்கு என்ன மதிப்பு என்று புரியும்.

பிரிக்காத குப்பையைக் கையால் கிளறுவது யார் என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். குளிரில், மழையில், கையுறை கிழிந்த பிறகும் வேலை செய்யும் தூய்மைப் பணியாளர்கள். மூட்டையோடு நூறு படி ஏறி ரோட்டுக்கு வர வேண்டிய வார்டுகள் இங்கே உண்டு. ஆட்களின் எண்ணிக்கையைச் சமவெளிக் கணக்கில் வீட்டுக்கு இத்தனை என்று நிர்ணயிப்பது அநியாயம். ஏற வேண்டிய உயரத்தையும் சேர்த்துத்தான் ஆள் போட வேண்டும். தெருவோரத் தொட்டி வழிந்து கிடந்தால் கரடியும் காட்டுமாடும் ஊருக்குள் வரும். விடியற்காலையில் அவற்றை முதலில் எதிர்கொள்வதும் இந்தப் பணியாளர்கள்தான்.

கொடைக்கானலின் நிலைமை பெரும்பாலும் இதேதான், சில வகையில் இன்னும் நெருக்கடியானது. 2011இல் 36,501 பேர் இருந்த ஊர், ஒரே ஏரி, பழைய அப்சர்வேட்டரி நீர்த்தேக்கமும் குண்டாறும் குடிநீருக்கு. அனுமதியில்லாத கட்டடங்களுக்கு நீதிமன்ற உத்தரவுப்படி சீல் வைத்த ஊர் அது. தெர்மாமீட்டர் ஆலை 2001இல் மூடப்பட்ட பிறகும் பாதரசம் கலந்த மண் பாம்பார் சோலையின் தலைமாட்டில் பல ஆண்டுகள் கிடந்ததையும் பார்த்த ஊர். மேலே விட்டது கீழே போகும் என்பதை விளக்க அதைவிடக் கொடிய உதாரணம் வேண்டாம்.

இனி, கிடங்கில் மிஞ்சுவதை என்ன செய்வது? 2026 வரை நடப்பில் இருந்த 2016ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகளிலேயே மலைப்பகுதிகளுக்கென்று தனியாக எழுதியிருந்தார்கள். மலைமேல் புதைகிடங்கு அமைப்பதைத் தவிர்க்க வேண்டும். மிஞ்சுவதை மூடிய இடத்தில் சேர்த்து, 25 கிலோமீட்டருக்குள் அடிவாரச் சமவெளியில் தக்க இடம் பார்த்துக் கொண்டுபோக வேண்டும். நுழைவாயிலிலேயே சுற்றுலாப் பயணியிடம் குப்பைக் கட்டணம் வாங்கலாம். நாளுக்கு 100 கிலோவுக்கு மேல் குப்பை உண்டாக்கும் விடுதிகள் பிரித்துத்தான் தர வேண்டும், மக்குவதை முடிந்தவரை தங்கள் வளாகத்திலேயே முடித்துக்கொள்ள வேண்டும். நல்ல விதிகள்.

ஆனால் அடிவாரம் என்றால் யாருடைய ஊர்? நீலகிரிக்கு அது மேட்டுப்பாளையம், காரமடைப் பக்கம். அங்கே இருப்பவர்கள் ஏற்கெனவே நம் சாக்கடை கலந்த ஆற்றிலிருந்து குடிநீர் எடுக்கிறவர்கள். அவர்களிடம் போய்க் குப்பைக்கும் இடம் கொடுங்கள் என்று கேட்பதற்கு முன், 14 கொண்டை ஊசி வளைவுகள் இறங்கி வரும் லாரியில் அழுகும் பொருள் ஒரு கிலோகூட இருக்கக் கூடாது. காய்ந்த, மறுபயன்பாட்டுக்கோ சிமெண்ட் ஆலை உலைக்கோ போகக்கூடிய பொருள் மட்டும், எடை போட்டு, அந்த எடையை ஒவ்வொரு மாதமும் இரண்டு ஊர் மக்களும் பார்க்கும்படி வெளியிட்டு, அதற்கான தொகையையும் அந்த உள்ளாட்சிக்குக் கொடுத்து அனுப்ப வேண்டும். நுழைவாயிலில் வாங்கும் பசுமைக் கட்டணத்தில் ஒரு பங்கு அவர்களுக்கும் போகலாம்.